சிக்கன் அலர்ஜி என்றொரு தீர்ப்பு

2025 ஜூலையில் பெங்களூரு மாநகராட்சி, சுமார் 5,000 தெருநாய்களுக்கு நாள்தோறும் ஒருவேளைச் சாப்பாடு போடும் திட்டத்தை அறிவித்தது. ஒரு நாய்க்கு 150 கிராம் கோழிக்கறி, 100 கிராம் அரிசி, 100 கிராம் காய்கறி, சிறிது எண்ணெய். செலவு 22 ரூபாய் 42 காசு. வரிப்பணத்தில் தெருநாய்க்குக் கோழிச்சோறா என்று ஊர் இரண்டுபட்டது. அந்தச் சத்தத்தில் ஒரு வேடிக்கை கவனத்துக்கு வராமலே போனது. தெருநாய்க்குக் கோழி போடலாமா என்று சண்டையிட்ட இதே நகரத்தில்தான், வீட்டுநாய்க்குக் கோழி ஏறக்குறைய விலக்கப்பட்ட பண்டமாகிவிட்டது. அடுகோடியிலிருந்து கோரமங்கலா வரை எந்தப் பெட் ஷாப்பில் வேண்டுமானாலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். “எங்க பையனுக்குச் சிக்கன் அலர்ஜி” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் போகமாட்டார்.

இந்தத் தீர்ப்பு பிறக்கிற வழி பெரும்பாலும் ஒன்றுதான். நாய் காதைப் பறண்டுகிறது, பாதத்தை நக்கி நக்கிச் சிவக்கவைக்கிறது, அடிவயிற்றில் ரோமம் உதிர்கிறது. ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். கோழி, மாடு, முட்டை, பால், கோதுமை, அரிசி, சோயா என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்ணும் சிவப்போ பச்சையோ இட்ட அறிக்கை வருகிறது. சிவப்பில் உள்ளதையெல்லாம் நிறுத்திவிட்டு, ‘கிரெய்ன் ஃப்ரீ’ (தானியமில்லாதது) என்று அச்சடித்த மீன் உணவுப் பையோடு வீடு திரும்புகிறார்கள். ரத்தம்கூட வேண்டாம், ரோமமும் எச்சிலும் போதும் என்று தபாலிலேயே முடித்துக்கொள்ளும் சோதனைகளும் உண்டு. இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்வது: சோதனை அப்படியொன்றும் துல்லியமில்லைதான், ஆனால் ஏதோ ஒரு வழியாவது தெரிகிறதே. எனக்கு ஒப்பவே ஒப்பாத வாதம் இது. தப்பான வழியைக் காட்டுவதற்கும் கூலி வாங்குவது எந்த ஊர் நியாயம்?

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தட்டுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு. வெறும் தயிர்ச்சோற்றிலேயே வளரும் நாயின் ரோமம் மங்கி வறண்டால், கொழுப்பமிலமும் துத்தநாகமும் போதாமை ஒரு காரணமாக இருக்கலாம். மீன் எண்ணெயின் ஒமேகா-3 சில நாய்களின் அரிப்பைத் தணிக்கிறது. பூனையின் கணக்கு இன்னும் கறாரானது: உணவில் டாரின் என்ற சத்து குறைந்தால் அதன் இதயத் தசை தளர்ந்துபோகும் என்பது 1987இலேயே நிறுவப்பட்டுவிட்டது. உணவு ஒவ்வாமையும் மெய்யான நோய்தான். அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் அந்தத் தாளைத்தான் நான் நம்பவில்லை.

அந்தத் தாள் அளப்பது ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்களை. கோழி தின்னும் நாயின் ரத்தத்தில் கோழிப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருக்கலாம். எந்த அரிப்பும் இல்லாத நாய்களிடமும் அது காணப்படுகிறது. நாய் கோழி தின்றது என்பதற்கு அது சாட்சி சொல்லும். தின்றதால்தான் அரித்தது என்பதற்கு அது சாட்சியாகாது. போதாக்குறைக்கு, உணவு ஒவ்வாமை எல்லாமே எதிர்ப்பொருள் வழியாக வருவதுமில்லை. வெள்ளணுக்களின் வழியே தாமதமாகக் கிளம்பும் வகையும் உண்டு. அதை இந்தச் சோதனை தொடுவதே இல்லை. ஆக, இல்லாத நோயை உண்டென்பதற்கும் உள்ள நோயை இல்லையென்பதற்கும் இரண்டு கதவும் திறந்தே கிடக்கின்றன. ரால்ஃப் முல்லர், தியரி ஒலிவ்ரி என்ற கால்நடைத் தோல்நோய் வல்லுநர்கள், இந்நோய் பற்றி வெளிவந்த ஆய்வுகளை 2015 முதல் ஒவ்வொரு கேள்வியாக எடுத்துச் சீர்தூக்கி வந்தவர்கள். உணவை மாற்றிப் பார்க்கும் முறைக்கு ஆய்வுக்கூடச் சோதனை எதுவும் ஈடாகாது என்று 2017இல் முடிவு சொல்லிவிட்டார்கள். ரோமச் சோதனை பட்ட அவமானம் இன்னும் பெரிது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களின் ரோமம், எச்சில் இவற்றோடு செயற்கை ரோமத்தையும் வெறும் உப்புநீரையும் நாயினுடையது போல அனுப்பிவைத்தார்கள். பொம்மை ரோமத்துக்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்து சேர்ந்தது.

ரத்தச் சோதனைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. தூசுப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் தோல் ஒவ்வாமை என்று மருத்துவர் நோய்க்குறிகளைக் கொண்டு முடிவுசெய்த பிறகு, தடுப்பூசி போலச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சைக்கு எதெதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க அது உதவும். அங்கே ஒரு வேலைக்கு உதவிய அதே படிவத்தில் கோழியையும் கோதுமையையும் சேர்த்துவிட்டார்கள். தூசுக்குக் கிடைத்த மரியாதை சோற்றுக்கும் இலவசமாக ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் கண்டுபிடிப்பது எப்படி? விடையைத் தேடி பெங்களூரில் நாய் வளர்ப்பவர்கள் தூரம் போகவேண்டியதே இல்லை. தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் 1995 முதல் இயங்குவது இதே அடுகோடியில்தான். அதன் முதன்மை அக்கறை மாடும் ஆடும். நாய் பூனைக்கு அங்கே போய் வைத்தியம் கேட்க முடியாது. ஆனால் அங்கே கற்க ஒன்று உண்டு. ஒரு தீவனம் ஆகுமா ஆகாதா என்று அறிய, எடைபோட்டு ஊட்டி, ஊட்டாத கூட்டத்தோடு ஒப்பிட்டு, வாரக்கணக்கில் பார்ப்பதுதான் தீவன விஞ்ஞானத்தின் அரிச்சுவடி. மாட்டு ஏப்பத்தின் மீத்தேனைக் குறைக்க அந்நிறுவனம் உருவாக்கிய ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கையும் ஊட்டிப் பார்த்த பிறகே வெளியே வந்தது. இருபது லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உள்ள இந்த நியாயம், மெத்தையில் நம்மோடு படுக்கும் நாய்க்கு ஏன் கிடைப்பதில்லை?

நாய்க்கும் பூனைக்கும் அதே முறைதான்: எலிமினேஷன் டயட். இதுவரை தின்றே இராத ஒரே புரதம், ஒரே மாவுச்சத்து. அல்லது புரதத்தைச் சிறுசிறு துண்டாக உடைத்துத் தயாரித்த ஹைட்ரலைஸ்டு உணவு. வேறெதுவும் வாயில் படக்கூடாது. ஐந்து வாரத்தில் உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தேறிவிடுகின்றன. எட்டு வாரத்தில் நாய், பூனை இரண்டிலும் தொண்ணூறுக்கு மேல். அரிப்பு அடங்கிய பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். மெய்யான ஒவ்வாமையானால் நாய்க்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள், பூனைக்கு இன்னும் சீக்கிரமே அரிப்பு மீண்டுவிடும். இந்தக் கடைசிப் படிதான் நோயை நிரூபிக்கிறது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பாவம் மறுபடி ஏன் கஷ்டப்படுத்துவது என்று. திரும்பக் கொடுத்துப் பார்க்காத வரை, குணமானது உணவு மாறியதாலா, கூடவே கொடுத்த ஸ்டீராய்டாலா, உண்ணி மருந்தாலா, பருவம் மாறியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. புகழ் மட்டும் மீன் பைக்குப் போய்ச் சேரும்.

நம் வீடுகளில் இந்த எட்டு வாரம் எப்படி ஓட்டையாகிறது என்பதைத்தான் ஒரு நல்ல மருத்துவர் முதலில் கேட்க வேண்டும். டீயில் நனைத்த பிஸ்கட்டில் ஒரு துண்டு. பாட்டி ஊட்டும் தயிர்ச்சோற்றின் கடைசிக் கவளம். வேலைக்கு வரும் அக்கா அன்போடு போடும் முட்டை. லிஃப்ட் அருகே வாட்ச்மேன் நீட்டும் பொறை. இவையெல்லாம் போகட்டும், மாதாமாதம் உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரையில்கூட மாட்டிறைச்சிச் சுவையோ பன்றி ஈரல் சுவையோ ஏற்றியிருக்கும். அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

தின்றே இராத புரதம் எது என்பதும் வீட்டுக்கு வீடு மாறும் கேள்வி. ஆட்டிறைச்சியை வெளிநாட்டு மருத்துவர்கள் ஒரு காலத்தில் புதுப் புரதமாகச் சிபாரிசு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்பு கடித்து வளர்ந்த நாய்க்கு அதில் புதுமை ஏது? வாத்தும் காடையும் கோழிக்கு நெருங்கிய உறவு. ஒன்று ஆகாததற்கு மற்றதும் ஆகாமல் போகலாம். பல வீடுகளில் பன்றியிறைச்சியோ முயலோதான் மிஞ்சும், சில வீடுகளில் சமையலறைக்குள் அதற்கும் இடமில்லை. இந்த வரலாற்றை உட்கார்ந்து கேட்டு எழுதுவதுதான் சிகிச்சையின் பாதி. சிவப்பு பச்சைத் தாளுக்கு அந்த வீட்டின் அடுப்பு தெரியாது.

பூனை விஷயத்தில் தாளோடு வரும் மரபு இன்னும் அபத்தம். ஒலிவ்ரியும் முல்லரும் 2016இல் நிரூபிக்கப்பட்ட நோயாளிகளைத் தொகுத்தபோது, 78 பூனைகளில் மாட்டிறைச்சி ஆகாதவை 18 சதவீதம், மீன் ஆகாதவை 17 சதவீதம், கோழி ஆகாதவை 5 சதவீதம். மீன் தலையைத் தின்று வளர்ந்த நம் வீட்டுப் பூனை கழுத்தைப் பிறாண்டினால், அதற்குப் போய் மீன் பையை எழுதிக்கொடுக்கிறார்கள். அதே தொகுப்பில் 297 நாய்களில் மாட்டிறைச்சி 34, பால் 17, கோழி 15, கோதுமை 13 சதவீதம். அரிசியோ வெறும் 2. இந்த 15ஐத்தான் ‘கோழிதான் முதல் எதிரி’ என்று ஊதிவிட்டார்கள். இது அரிக்கும் நாய்களில் 15 சதவீதம் அல்ல, உணவு ஒவ்வாமை நிரூபணமான நாய்களில் 15 சதவீதம். அரிப்போடு வரும் நாய்களில் உணவு ஒவ்வாமை உள்ளவை ஆய்வுக்கு ஆய்வு 9 முதல் 40 சதவீதம். மேல் எல்லையையே எடுத்துக்கொண்டாலும் நூறு அரிப்பு நாய்களில் கோழி ஆகாதவை ஆறு. நம்மூர் நாய் கோழியை அதிகம் தின்கிறது, அதிகம் தின்பதற்கே ஒவ்வாமையும் அதிகம் வரும் என்பார்கள். சரி, இரண்டு மடங்காக்குங்கள்: பன்னிரண்டு. மீதி எண்பத்தெட்டு நாய்கள் எந்தக் குற்றத்துக்காகக் கோழியை இழந்தன?

அந்த எண்பத்தெட்டில் பலவற்றுக்கு அரிப்பின் காரணம் ரோமத்துக்கு நடுவிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். பெங்களூரின் மிதமான வெயிலிலும் குளிரிலும் உண்ணிக்கு ஆண்டு முழுவதும் கொண்டாட்டம். தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமையுள்ள நாய், வாலடியைக் கடித்துக் குதறிவிடும். சொறிப்பேன் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவும், வளர்ப்பவர் கையிலும் ஏறும். மழைக்கால ஈரத்தில் காதிலும் விரலிடுக்கிலும் ஈஸ்ட் பூத்து நாறும். சீப்பால் வாரி வெள்ளைத் தாளில் தட்டுவது, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது, காதழுக்கைக் கண்ணாடித் துண்டில் தேய்ப்பது என்று இவற்றைப் பிடிக்கும் வழிகள் எளியவை, மலிவானவை. இவற்றையெல்லாம் தாண்டிக் குதித்து நேரே ரத்தத்துக்குப் போகும் அவசரம்தான் இந்த வழக்கத்தின் தலையாய குற்றம். அறிக்கை கையில் வந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. கோழியை நிறுத்தியாயிற்று, இனி எதற்கு உண்ணி மருந்து?

‘கிரெய்ன் ஃப்ரீ’ மோகம் இதன் நீட்சி. நோயாளிகளில் 2 சதவீதத்துக்கு ஆகாத அரிசிக்குப் பயந்து, பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் நிறைந்த பையை வாங்குகிறார்கள். அத்தகைய உணவு தின்ற நாய்களில் இதயத்தசை நோய் வருவதாகப் புகார்கள் குவிந்து, 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரணையை அறிவித்தது. காரண காரியம் நிரூபணமாகவில்லை என்ற நிலையில், 2022 டிசம்பரில் தொடர் அறிவிப்புகளை நிறுத்திக்கொண்டது. ஆகவே அதை விஷம் என்று நான் சொல்லமாட்டேன். அரிசிச் சோற்று நாட்டில் அரிசியைப் பகையாக்கி விற்கும் சாமர்த்தியத்தை மட்டும் வியக்கிறேன். பையில் எழுதியதுதான் உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த சந்தேகம். பட்டியலில் இல்லாத இறைச்சி உள்ளே இருப்பதை வெளிநாட்டுச் சோதனைகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. நம் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ‘உணவு’ என்ற வரையறைக்குள் விலங்குத் தீவனம் வருவதில்லை. இந்த நிலையில் கடைப் பையை வைத்து எட்டு வாரச் சோதனை நடத்துவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான்.

மருத்துவருக்கு நேரமில்லை, வளர்ப்பவருக்குப் பொறுமையில்லை என்பது கடைசியாக எஞ்சும் வாதம். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ரத்தச் சோதனைக்கு ஆதரவான சான்றுகள் அல்ல. அதை விற்பதற்கு வசதியான நிலைமைகள். பொறுமையில்லாதவருக்குப் பொய்யான உறுதியைக் கொடுத்து அனுப்புவதை மருத்துவம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. இன்னொரு நட்டமும் உண்டு. இல்லாத நோய்க்காக முயல், வாத்து, மீன் என்று ஒவ்வொன்றாக ஊட்டித் தீர்த்துவிட்டால், நாளை மெய்யாகவே உணவு ஒவ்வாமை வரும்போது சோதித்துப் பார்க்கப் புதுப் புரதமே மிஞ்சாது.

ரத்தச் சோதனைக்குக் கொடுக்கும் பணத்துக்கு மருத்துவர் செய்யக்கூடியது வேறு. முதல் நாளில் சீப்பும் நுண்ணோக்கியும். அதில் எதுவும் அகப்படாவிட்டால், பிறந்ததிலிருந்து தின்றது என்னென்ன என்ற பட்டியல். பிறகு தமிழிலோ கன்னடத்திலோ எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டக்கூடிய ஒரு தாள்: எதைக் கொடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, எந்தத் தேதியில் பழைய சோற்றைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. வாரம் ஒருமுறை போனில் ஒரு விசாரிப்பு. இதற்கு நியாயமான கட்டணம் கேட்கட்டும். நான் கொடுக்கத் தயார். பொம்மை ரோமத்துக்கும் நோய் கண்டுபிடிக்கும் சோதனைக்கு ஒரு ரூபாயும் அதிகம்.