டயல் டோன் கேட்காத மோடம்

பழைய டயல்-அப் மோடம் ஒன்றை எளிய லினக்ஸ் அமைப்பில் இயக்க முனைவோர் வழக்கமாக லினக்ஸையே ஐயுறுகின்றனர். ஆனால் குலசேகரத்தில், 512 எம்பி நினைவகம் கொண்ட பழைய கணினியில் டெபியன் வழிவந்த ஆன்டிக்ஸ் அமைப்பை நிறுவி, சீரியல் துளையில் பொருத்தும் வெளிமோடம் ஒன்றைச் சில வாரங்கள் இயக்கிப் பார்த்தபோது, குற்றவாளி லினக்ஸ் அன்று, மோடத்தின் காதே என்பது தெளிவாயிற்று.

லினக்ஸின் பங்கு மிக எளிது. வெளிமோடம் தன் வேலையைத் தானே செய்யும் சில்லுகளைக் கொண்டிருப்பதால் அதற்குத் தனி இயக்கி மென்பொருள் வேண்டியதில்லை. 1981இல் வெளிவந்த ஹேயஸ் ஸ்மார்ட்மோடம் வழக்கிற்குக் கொண்டுவந்த ‘ஏடி’ கட்டளைகளை அனுப்பினால் ‘ஓகே’ என்ற பதில் வருகிறது. பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, அழைப்பை நடத்தும் ‘டபிள்யூவிடயல்’ நிரலின் கோப்பில் தொலைபேசி எண்ணையும் கடவுச்சொல்லையும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றே தோன்றும்.

முடிவதில்லை. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் தெளிவாகக் கேட்கிறது. மோடமோ ‘நோ டயல்டோன்’ என்று அறிவித்து இணைப்பைக் கைவிடுகிறது. இந்தியத் தொலைபேசி நிலையங்கள் அனுப்பும் டயல் டோன், 25 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறி இறங்கும் 400 ஹெர்ட்ஸ் ஒலி. அமெரிக்காவில் அது 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டின் சேர்க்கை. அமெரிக்க ஒலிக்குப் பழக்கப்பட்ட மோடம் நம்மூர் ஒலியை ஒலியாகவே மதிப்பதில்லை. ‘ஏடிஎக்ஸ்3’ என்னும் கட்டளை, டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும்படியும், எதிர்முனை ‘எங்கேஜ்’ ஆக இருந்தால் அதை மட்டும் கவனிக்கும்படியும் மோடத்தைப் பணிக்கிறது; அதனுடன் ‘&டபிள்யூ’ சேர்த்தால் மின்சாரம் போய் வந்தாலும் அப்பணிப்பு நினைவில் நிற்கிறது. இந்நாட்டில் விற்கப்பட்ட பெட்டிக்குள் இருந்த கையேடு இக்கட்டளையைக் கடைசிப் பக்க அட்டவணையில், விளக்கம் ஏதுமின்றி, ஒரு வரியாக ஒளித்து வைத்திருப்பதை மன்னிப்பது கடினம். முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி அது.

அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்து ஏற்பாடுகளை நம்பாமல், ‘எம்கெட்டி’ என்னும் அழைப்பேற்கும் நிரல் ஓடும் மற்றொரு கணினியை வேறொரு செம்புக் கம்பி இணைப்பின் முனையில் வைத்தே இச்சோதனை நடத்தப்பட்டது. இருமுனையும் சாதாரணத் தொலைபேசி இணைப்பாக இருக்கையில் பெட்டியின் மேல் அச்சிட்ட 56 கிலோபிட் வேகம் கிட்டாது. ஒரு முனை நேரடியாக டிஜிட்டல் இணைப்பில் இருந்தால்தான் அது இயலும், இல்லையேல் 33.6 கிலோபிட்டே எல்லை. அந்த எல்லையிலும் 3 எம்பி பாடல் ஒன்று வந்து சேர ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். ரப்பர் தோட்டங்களினூடே வரும் கம்பியில் மழை நாளில் இரைச்சல் கூட, மோடங்கள் இரண்டும் பேச்சை நிறுத்தி வேகத்தைக் குறைத்து மீண்டும் ஒத்துப்போகின்றன. இணைப்பு அறுவதில்லை என்பது இக்கருவியின் எதிர்பாராத பெருந்தன்மை.

கணினிக்குள் செருகும் மலிவான பிசிஐ அட்டைகளைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை மோடத்தின் வேலையைக் கணினியின் செயலியிடம் தள்ளிவிடும் ‘வின்மோடம்’ வகையின. அவற்றுக்கு லினக்ஸ் கெர்னலின் பதிப்புக்கேற்ற தனி இயக்கி வேண்டும். கோனெக்சன்ட் சில்லுகளுக்கு லினக்சன்ட் நிறுவனம் தந்த இலவச இயக்கி 14.4 கிலோபிட்டோடு நின்றுவிட்டது, முழு வேகத்திற்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அவற்றின் தகுதியைக் காட்டும்.

ஆகவே வாங்குவோர் சீரியல் துளையுள்ள வெளிமோடத்தையே தேடுக; சீரியல் துளையற்ற கணினியாயின் யுஎஸ்பி-சீரியல் மாற்றி போதும். ஃபைபர் இணைப்புப் பெட்டியின் தொலைபேசித் துளையில் இதைச் செருக வேண்டாம். குரலைப் பொட்டலங்களாகப் பிரித்து, சில இடங்களில் சுருக்கியும் அனுப்பும் அவ்வழியில் மோடத்தின் ஒலி சிதைந்துவிடும். ஐப்பசி இடி தொடங்கியதும் மின்கம்பியை மட்டுமின்றித் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வைக்கவும்.