பல்கலைக்கழகம் உண்டு, நூற்கடை எங்கே?

ஓர் ஊரில் கோயில் எழுமானால், அதன் வாயிலில் பூக்கடையும் தேங்காய்க் கடையும் தாமே முளைக்கின்றன. மருத்துவமனை எழுமானால், மருந்துக் கடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நீதிமன்றம் எழுமானால், மனு எழுதுவோர் மரத்தடியில் இடம் பிடித்துக் கொள்கின்றனர். அவ்வாறாயின், பல்கலைக்கழகம் எழுந்த ஊரில் நூற்கடைகள் எழ வேண்டுமன்றோ? எழுந்தனவா என்பதே நம் கேள்வி.

ஜொகூர் பாரு நகரின் நடுவிடத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் ஸ்கூடாய் என்னும் ஊர் இருக்கிறது. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்து, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் அங்கேதான் உள்ளது. பரந்த நிலம், உயர்ந்த கட்டடங்கள், சுல்தானா சானாரியாவின் பெயர் தாங்கிய பெரிய நூலகம், தனக்கெனப் பதிப்பகம், யாவும் உண்டு. பக்கத்துக் குடியிருப்புக்கும் 'தாமான் யுனிவர்சிட்டி' என்றே பெயர். பெயரில் இவ்வளவு கல்வி மணக்கும் ஊரிலே, ஒரு மாணவன் தன் கைப்பொருள் கொடுத்து, தான் விரும்பிய தமிழ் நூலொன்றை வாங்க முடியுமா?

அண்மையில் இதனைச் சோதிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. குளுவாங் பக்கத்துத் தோட்டக் குடும்பமொன்றிலிருந்து பொறியியல் பயில வந்திருக்கும் இளைஞர் ஒருவர் எம்மை அணுகி, "ஐயா, ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர், திரும்பாதவர். சயாமையும் பர்மாவையும் இணைத்து 1943-இல் முடிக்கப்பெற்ற அந்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்று மாண்ட தமிழர் பல்லாயிரவர். தம் குடும்பத்தின் துயரக் கதையைத் தம் மொழியில் படிக்க அவ்விளைஞர் விரும்பினார். இதனினும் நியாயமான ஆசை வேறு உண்டோ?

இருவரும் புறப்பட்டோம். வளாகத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் முதலில் கண்டவை நகலெடுக்கும் கடைகள். முழு நூலையும் ஒரு மணி நேரத்தில் நகலெடுத்துக் கட்டித் தருகின்றனர். அடுத்து எழுதுபொருள் கடைகள். அங்கே தாளும் பேனாவும் தேர்வுக்கான பயிற்சி நூல்களும். பின்னர் பேரங்காடி ஒன்றிலிருந்த பெரிய புத்தகக் கடைக்குச் சென்றோம். மலாய், ஆங்கிலம், சீனம் ஆகிய மூன்று மொழி நூல்களும் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. தமிழுக்கு ஒரு தட்டின் பாதி. அதிலும் தொடக்கப்பள்ளிப் பயிற்சி ஏடுகளே. இறுதியில், இந்தியர் கடைகள் மிகுந்த உங்கு புவான் வீதிக்கு வந்தோம். பலசரக்குக் கடையொன்றில், ஊதுவத்திக்கும் ஊறுகாய்க்கும் இடையே தமிழ் எழுத்துத் தென்பட்டது. ஆவலோடு எடுத்துப் பார்த்தோம். பஞ்சாங்கம், கனவுப் பலன், சமையற் குறிப்பு, நாட்காட்டி! "இவ்வளவுதானா, ஐயா?" என்றார் இளைஞர். எம்மிடம் விடை இல்லை.

"வாங்குவார் இல்லை, ஆகவே விற்பார் இல்லை" என்று கூறுவர் வாணிகம் அறிந்தோர். இது பாதி உண்மை. இம்மாநிலத்தில் மட்டும் எழுபது அளவிலான தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. ஆண்டுதோறும் எத்தனையோ சிறுவர் சிறுமியர் தமிழ் படிக்கக் கற்று வெளியே வருகின்றனர். படிக்கக் கற்பித்த பின், படிப்பதற்கு ஒன்றும் கண்ணெதிரே வையாது, "படிப்பாரில்லை" என்று புலம்புவது, விதை தூவாது விளைச்சலில்லை என்று வானத்தை வைவது போலன்றோ?

பணமில்லை என்பதும் முழுக் காரணமன்று. 2012-இல் அரசாங்கம் உயர்கல்வி மாணவர்க்கு 200 வெள்ளிப் புத்தகப் பற்றுச்சீட்டு வழங்கிற்று. மறு ஆண்டு அது 250 வெள்ளியாயிற்று. சிலர் அதனைக் குறைந்த விலைக்கு விற்றுக் காசாக்கினர் என்று நாளேடுகள் அந்நாளில் கண்டித்தன. கண்டனம் சரியே. ஆனால், பாடநூலுக்கு அப்பால் நூலென்று ஒன்றைக் கண்டறியாத மாணவனுக்குப் பற்றுச்சீட்டு கொடுப்பது, கடலைக் காணாதவனுக்குத் தோணி கொடுப்பது போன்றது. அவன் அதனை விறகாக்கத்தான் செய்வான்.

"இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது கடை எதற்கு?" என்பது புதிய வாதம். கேட்டது கிடைக்கும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், கேட்கத் தெரிந்தவனுக்கன்றோ அது கிடைக்கும்? நூற்கடையின் பெருமை வேறு. ஒன்றைத் தேடிச் சென்றவன் கையில் அது மற்றொன்றை வைக்கிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கல்லூரித் தெருவில் நடைபாதை முழுவதும் நூல்களே. சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள், 1985-இல் அக்கட்டடம் தீக்கிரையாகும் வரையில், ஏழை மாணவர்க்கு இரண்டாவது கல்லூரியாக விளங்கின. அங்கே புரட்டிப் பார்க்கக் கட்டணமில்லை. அரைமணி நேரம் நின்று படித்துவிட்டு வாங்காமற் போனவனும் அறிவோடுதான் போனான்.

அக்கரைக்குச் சென்று வாங்கலாமே என்பாரும் உளர். சிங்கப்பூர்ப் பாலம் குறுகியதே. ஆனால், அந்நாட்டு வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டும். கோலாலம்பூருக்குச் செல்வதாயின் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். நூலின் விலையை விட வழிச்செலவு மிகும்.

பிறரைக் குறை கூறியது போதும். நம் வீட்டையும் பார்ப்போம். இந்நாட்டில் தமிழ் நூல் எவ்வாறு விற்பனையாகிறது? பெரும்பாலும் வெளியீட்டு விழாவில். செல்வர் ஒருவர் முதற்படியைப் பெருந்தொகை கொடுத்துப் பெறுகிறார். மாலை, பொன்னாடை, புகைப்படம். தலைக்கு ஓர் உறை நீட்டிப் பலரும் ஒவ்வொரு படி வாங்கிச் செல்கின்றனர். வாங்கியோரில் படிப்போர் எத்தனை பேர்? மறுநாள், எஞ்சிய படிகள் ஆசிரியரின் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில் உறங்குகின்றன. விழாவுக்கு வராத மாணவனுக்கு அந்நூல் பிறக்கவே இல்லை. எழுத்தாளரை மதிப்பதாக எண்ணி, நூலை நன்கொடைச் சீட்டாக்கி விட்டோம். இது நம் இலக்கிய வாழ்வின் பெருங்குறை என்று அஞ்சாது கூறுவோம்.

இக்குறையைக் களையப் பொருளும் புகழும் வேண்டியதில்லை என்பதற்கு நம் வரலாறே சான்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைய இருந்தபோது, அங்கே தமிழுக்கே முதலிடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி கிளர்ந்தெழுந்தார், பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். எளிய உழைப்பாளிகளும் அதற்குக் கொடுத்தனர். அவர்களிற் பலர் பல்கலைக்கழக வாயிலைக் கண்டவர் அல்லர். வாயிலைக் காணாதவர் நூலுக்குக் கொடுத்தனர். வாயிலுக்குள் பிள்ளைகளை அனுப்பிவிட்ட நாம் நூலை மறந்தோம்!

செய்ய வேண்டியவை சிலவே. பலசரக்குக் கடைக்காரர் பஞ்சாங்கத்தின் பக்கத்தில் ஒரு தட்டு ஒதுக்கட்டும். எழுத்தாளர் தம் பெட்டியிலிருந்து பத்துப் படிகளை விற்றபின் பணமென்று அங்கே வைக்கட்டும். மாணவர் சங்கத்தார் கலைவிழாவோடு நில்லாது, மாதம் ஒருமுறை வளாகத்தில் மேசையிட்டு நூல் விற்கட்டும். படிப்பு முடிந்து செல்வோர் தம் நூல்களைப் பின்வருவோர்க்குக் குறைந்த விலைக்குத் தந்து செல்லட்டும். ஒரு மேசையும் ஒரு தட்டும் இருந்தால் கடை தொடங்கிவிட்டது என்றே பொருள்.

அந்த இளைஞருக்கு எம் படியைக் கொடுத்தனுப்பினோம். அவர் விலை கொடுக்க வந்தார், யாம் வாங்கவில்லை. வீடு திரும்பிய பின்னரே எம் பிழை தெரிந்தது. நூலைக் காசு கொடுத்து வாங்க வந்த தமிழ் மாணவர் ஒருவரை, இலவசத்துக்குப் பழக்கி அனுப்பிவிட்டோம். அடுத்த முறை அவர் வரும்போது, அவரை அழைத்துச் செல்ல ஒரு கடையேனும் இருக்க வேண்டும்.