கோளறு பதிகத்தில் இருக்கும் ஒரே வீடு

சம்பந்தரின் கோளறு பதிகத்தை நம்மில் பலர் கவிதையாகப் படித்ததில்லை. இங்குள்ள கோயில்களில் நவக்கிரகங்களைச் சுற்றும்போது சொல்கிற ஒன்று, அவ்வளவுதான். ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஜோதிடத்துக்குள் அடங்காத ஒரு பிரதி கையில் கிடைக்கும்.

ஜோதிடத்தில் கிரகத்தின் பெயரை மட்டும் வைத்துப் பலன் சொல்ல முடியாது. அது நின்ற வீடு வேண்டும். செவ்வாய் லக்னத்துக்கு மூன்றில் நின்றால் துணிச்சல். அதே செவ்வாய் 2, 4, 7, 8, 12-இல் நின்றால் தோஷம். பலன் சொல்லும் வாக்கியங்களைக் கவனியுங்கள்: சனி கொடுப்பார், குரு பார்ப்பார். எழுவாய் எப்போதும் கிரகம்தான். நமக்கு மிஞ்சுவது 'உங்களுக்கு' என்கிற நான்காம் வேற்றுமை. என் அக்காவுக்கு எட்டில் செவ்வாய். மூன்று வரன்கள் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்ததோடு திரும்பிப் போயின. அக்கா என்ன படிச்சா, என்ன வேலை பார்க்கிறான்னு யாரும் கேட்கவே இல்லை.

பெரியபுராணத்தின்படி, மதுரைக்குக் கிளம்பும் சம்பந்தரைத் திருமறைக்காட்டில் அப்பர் தடுக்கிறார். கோள்நிலை சரியில்லை என்கிறார். அதற்குப் பதில்தான் இந்தப் பதிகம். முதல் பாட்டு கோள்களை ஞாயிறு முதல் சனி வரை கிழமை வரிசையில் அடுக்கி, முடிவில் இரண்டு பாம்புகளைச் சேர்க்கிறது. எது எந்த வீட்டில் நிற்கிறது என்ற பேச்சே இல்லை. வீட்டை எடுத்துவிட்டால் கிரகங்கள் வெறும் நாட்காட்டி! பதிகம் அக்கறைப்படும் ஒரே வீடு உள்ளம். அங்கே சிவன் புகுந்தாயிற்று. ஆகவே மற்றதெல்லாம் நல்லவை. அடுத்து வரும் பாடல்களில் யானை, கரடி, வாதம், பித்தம் எல்லாம் கோள்களுக்குச் சமமாக வந்து நிற்கின்றன. 'காப்பாற்று' என்ற வேண்டுதல் எங்கும் கிடையாது. கடைசிப் பாட்டில் அவரே ஆணையிடுகிறார்.

இந்தத் துணிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. பத்தாம் பாட்டு பௌத்தரையும் சமணரையும் வாதில் அழிப்பதைப் பேசுகிறது. அதை மறைத்துவிட்டுப் பதிகத்தைக் கொண்டாட முடியாது.

அக்காவுக்கு ஜோதிடர் சொன்ன பரிகாரமும் இதே பதிகம்தான்: தினமும் சொல்லணுமாம். கோள்களைக் கேட்காமல் கிளம்பியவரின் பாட்டை, கோள்களைச் சமாதானப்படுத்தும் மருந்துச்சீட்டாக ஆக்கிவிட்டோம். எழுவாயை மறுபடியும் கிரகத்திடமே கொடுத்துவிட்டோம். சம்பந்தரோ பாடி முடித்ததும் மதுரைக்குப் போனார். அந்தப் பயணத்தையும் சேர்த்து வாசித்தால்தான் பதிகம் முழுமையாகும்.