இருட்டில் உழைக்கும் நொதிகள்

இருட்டறையில் கண் ஓய்வெடுப்பதாகத்தான் நினைக்கிறோம். விழித்திரையின் கோல் செல்களுக்கோ இருட்டில்தான் வேலை அதிகம். வெளிச்சம் இல்லாதபோது அவற்றின் சவ்வில் உள்ள அயனி வாயில்கள் திறந்தே கிடக்க, சோடியம் ஓயாமல் உள்ளே புகும். அதை வெளியேற்றுவது சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ் என்னும் நொதி. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதை நண்டின் நரம்பில் கண்டார். நோபல் பரிசு 1997இல்தான் வந்தது. அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவதும் இதே நொதியை முடக்கித்தான்.

ஒளி பட்டதும் கதை மாறுகிறது. ஒளியை உணரும் ரொடாப்சின் என்ற புரதம் விழிக்கிறது, அது டிரான்ஸ்டியூசின் என்ற புரதத்தைத் தூண்ட, பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி வாயில்களைத் திறந்துவைத்திருக்கும் சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்க, வாயில்கள் மூடிக்கொள்கின்றன. இவ்வளவும் சவ்வின் மேல் நடப்பவை. ஆகவே நொதியை மட்டும் ஆராய்ந்தால் போதாது, அது பதிந்திருக்கும் கொழுப்புப் படலத்தையும் ஆராய வேண்டும். ஹைதராபாத்தின் ஆய்வகங்கள் இந்தத் துறைக்கு அளித்த பங்கில் முக்கியமானது இந்தப் பார்வைதான்.

ஹப்சிகுடாவில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாப சட்டோபாத்யாயின் குழு பல ஆண்டுகளாகச் செய்த வேலையைப் பாருங்கள். உள்ளூர் இறைச்சிக்கூடத்தில் மாடு இறந்த பத்து நிமிடங்களுக்குள் மூளையைப் பெற்று, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்தார்கள். அந்தச் சவ்விலிருந்து சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளையச் சர்க்கரையால் கொலஸ்டிராலை உருவி எடுத்தபோது, அதில் பதிந்திருக்கும் செரட்டோனின் 1ஏ ஏற்பி என்ற புரதத்தின் பிணைப்புத் திறன் குறைந்தது. கொலஸ்டிராலைத் திரும்பச் சேர்த்ததும் அது மீண்டது. புரதத்தில் யாரும் கைவைக்கவில்லை. சுற்றியிருந்த கொழுப்பு மட்டுமே மாறியது. இந்த ஏற்பி நொதியல்ல, ஆனால் அடினைலைல் சைக்ளேஸ் என்னும் சவ்வு நொதியை அடக்கி ஆள்வது. சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் இந்த ஏற்பியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ரொடாப்சினும். ரத்தத்தில் கொலஸ்டிரால் எவ்வளவு என்று கவலைப்படும் நமக்கு, நரம்பணுவுக்குள் அது என்ன செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்கு வந்தது. ரொடாப்சினுக்குள் இருக்கும் ரெட்டினால் வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. அது குறைந்தால் மாலைக்கண். இந்நிறுவனத்தின் கள ஆய்வுகளைத் தொடர்ந்து, சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,00,000 அலகு வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் வந்தது.

பரம்பரைப் பார்வையிழப்புக்கு இப்படி எளிய மருந்து கிடையாது. 'மனோகரா' படத்தை இயக்கிய எல்.வி. பிரசாத்தின் பெயரால் 1987இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட கண் மருத்துவ நிறுவனத்தில் சித்ரா கண்ணபிரானும் சுபத்ரா ஜலாலியும் விழித்திரை நோயுள்ள குடும்பங்களின் மரபணுக்களைத் துருவினார்கள். சொந்தத்துக்குள் மணமுடிக்கும் நம் வழக்கத்தால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிழை பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்பு அதிகம். இரண்டு குடும்பங்களில் ஏபிசிஏ4 மரபணு முழுதாகச் செயலிழந்திருந்ததை இக்குழு 2006இல் வெளியிட்டது. இதன் புரதமும் ஏடிபியைச் செலவழிக்கும் சவ்வு நொதியே. கோல் செல்லுக்குள் இருக்கும் சவ்வு வட்டுகளில் சிக்கும் ரெட்டினால் சேர்மத்தை மறுபக்கம் தள்ளிவிடும். தள்ளாவிட்டால் அது நச்சுக் கழிவாகச் சேர்ந்து விழித்திரையின் செல்களைக் கொல்லும்.

ஆர்பிஇ65 என்னும் இன்னொரு சவ்வு நொதியின் குறைக்கு அமெரிக்காவில் 2017இல் மரபணு மருந்து அனுமதி பெற்றது. ஏபிசிஏ4-க்கு அந்த வழி அப்படியே பொருந்தவில்லை. மரபணுவைச் சுமக்கும் ஏஏவி வைரஸில் சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகளுக்கே இடம். ஏபிசிஏ4-இன் குறியீடு மட்டுமே 6,800ஐத் தாண்டுகிறது. அதனால் மரபணுவை இரண்டாகப் பிரித்து, இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் ஒட்டவைக்கும் முயற்சிகள் நடக்கின்றன.