சிட்டையில்லா மணல்

பொருளியலறிஞர் வசிலி லியோன்தியேவ் சூழல் மாசு குறித்து 1970இல் எழுதிய கட்டுரையை அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் சேர்ந்து வாசித்தேன். எண்களைக் கண்டதும் ஏட்டை மூடிவிடும் தமிழாசிரியர் கூட்டத்தில் நானும் ஒருவனாகவே இருந்துவந்தேன். அது தவறு.

அவர் காட்டும் கற்பனைப் பொருளாதாரத்தில் தொழில்கள் இரண்டே: 100 புசல் கோதுமை, 50 கெஜம் துணி. விளைந்த கோதுமையில் ஒரு பங்கு ஆலைக்கும், நெய்த துணியில் ஒரு பங்கு வயலுக்கும் போகின்றன; மிஞ்சியவையே வீடுகளுக்கு. இந்த உள்ளீட்டு வெளியீட்டு அட்டவணையின் அடியில் மாசுக்கென ஒரு நிரையைச் சேர்க்கிறார். புசலுக்கு 0.5 கிராம்; கெஜத்துக்கு 0.2 கிராம். ஆலை வாசலில் நின்று அளப்பவனுக்குத் துணி தூயதாகவே தோன்றும். ஆனால் துணிக்குப் பின்னால் நிற்கும் கோதுமையையும், அக்கோதுமைக்குப் பின்னால் நிற்கும் துணியையும் கூட்டிக்கொண்டே போனால், வீடு வந்து சேரும் ஒரு கெஜம் ஏறத்தாழ 0.58 கிராமுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ மூன்று மடங்கு! உடுத்துபவன் கை சுத்தம். கறையோ கண்காணா வயலில். ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியின் மறுஉற்பத்தி அட்டவணைகளைப் படித்தோருக்கு இத்தேடல் அந்நியமானதன்று.

ஆயினும் வன்னியில் நின்று பார்க்கையில் ஒரு குறை உறுத்துகிறது. லியோன்தியேவ் புசலிலும் கெஜத்திலும் கணக்கிட்டார். நாடுகளின் அட்டவணைகளோ பெரும்பாலும் பணத்திலே, ஆண்டுச் சராசரியிலே எழுதப்படுகின்றன. மாரிமழையில் விளையும் காலபோகமும், இரணைமடுவின் நீர்மட்டம் பார்த்துக் காணி பங்கிட்டு விதைக்கும் சிறுபோகமும் அங்கே ‘நெல்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். மார்கழியில் வழிந்தோடும் நீரும் ஆடியில் அளந்து திறக்கும் நீரும் எங்கள் கமக்காரனுக்கு ஒன்றா?

மணலின் கதை இன்னும் மோசம். அனுமதியின்றி எங்கள் ஆறுகளில் அள்ளப்படும் மணல் எங்கோ மாடிவீடாக எழுகிறது. களவு மணலுக்குச் சிட்டை ஏது? கட்டடத் தொழிலின் கணக்கில் சீமெந்து இருக்கும், கம்பி இருக்கும், கூலிகூட இருக்கும். சரிந்த ஆற்றங்கரை இராது. இது முறையின் குற்றமன்று. மாசகற்றும் தொழிலுக்கும் தனி நிரல் வகுத்து, அச்செலவு பண்டங்களின் விலையில் எவ்வாறு ஏறுகிறது என்று காட்டியவர் அவர். மணலுக்கும் ஒரு நிரை எழுத அந்த அட்டவணையில் இடமுண்டு. எழுதும் அதிகாரம் யார் கையில் என்பதே கேள்வி.

இதை வகுப்பில் சொன்னபோது, ஆற்றோரக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். இரவில் வீட்டைக் கடக்கும் உழவு இயந்திரங்களை எண்ணியபடியேதான் தான் உறங்குவதாகச் சொன்னாள்.