உடைந்த கல்லும் வெளியேறிய கல்லும்

சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் சிகிச்சையை மெசினின் புதுமையை வைத்து எடைபோடுவது நம் வழக்கம். 1980இல் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசியின் குழு இதைத் தொடங்கியபோது நோயாளியை மயக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். பின்னால் தொட்டி போயிற்று, வலியும் குறைந்தது. ஆனால் தொட்டிக் காலத்து டோர்னியர் எச்எம்3இன் உடைக்கும் திறனைப் பல புதிய மெசின்கள் எட்டவில்லை.

பலனை முதலில் தீர்மானிப்பது கல்தான். 20 மில்லிமீற்றரைத் தாண்டினால் வேறு வழி பார்ப்பதே நல்லது. சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தால் 10 மில்லிமீற்றருக்கே யோசிக்க வேண்டும். உடைந்தாலும் தூள் மேலேறி வெளியேறுவது கடினம். சிஸ்டின் கல் இலேசில் உடையாது. சீ.ரி. ஸ்கானில் அடர்த்தி 1,000 ஹவுன்ஸ்ஃபீல்டைத் தாண்டினாலோ, தோலுக்கும் கல்லுக்கும் இடையே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தாலோ நம்பிக்கை குறையும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. இத்தனையையும் முன்கூட்டியே கணிக்க முடிவது இச்சிகிச்சையின் பலம். கணித்ததை நோயாளிக்குச் சொல்லாமல் மேசையில் ஏற்றினால் அந்தப் பலம் வீண்.

இயக்குபவரின் பொறுமைக்கும் பங்குண்டு. நிமிடத்துக்கு 120 அதிர்வலை அடிக்குப் பதில் 60 கொடுத்தால் கல் நன்றாக உடைகிறது, நேரம்தான் இரட்டிப்பாகும். மெசினுக்கும் தோலுக்கும் இடையே பூசும் ஜெல்லில் காற்றுக்குமிழ் சிக்கினால் அலையின் வலு கல்லைச் சேராது. நோயாளர் வரிசை நீளும் நாளில் இந்தப் பொறுமை எவ்வளவு மிஞ்சுமோ!

எனக்கு உறுத்துவது வெற்றியைக் கணக்கிடும் முறை. 4 மில்லிமீற்றர் வரையான துண்டுகள் மிஞ்சினாலும் பல ஆய்வுகள் அதை வெற்றி என்றே எழுதுகின்றன. மன்னார்க் கரையில் அந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். இது வரண்ட வலயம். பல கிணறுகளில் உவர். வெயிலில் வலை இழுப்பவரின் உடல்நீர் வியர்வையாகவே போய்விடுகிறது. சிறுநீர் செறிந்தால் மிஞ்சிய துண்டே அடுத்த கல்லுக்கு வித்து. துண்டுகள் வரிசையாக நின்று சிறுநீர்க்குழாயை அடைத்தால் காய்ச்சலோடு அவசரமாக ஓட வேண்டிவரும். இக்கரையிலுள்ள பேசாலையிலிருந்து யாழ்ப்பாணமோ அநுராதபுரமோ நூறு கிலோமீற்றருக்கு மேல். இரண்டாம் தடவை, மறு ஸ்கான் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருநாள் தொழில் போகும். அத்தகையவருக்கு, மயக்க மருந்து தேவைப்பட்டாலும், சிறுநீர்க்குழாய் வழியே கமரா செலுத்திப் பெரும்பாலும் ஒரே தடவையில் கல்லை அகற்றும் முறை முடிவில் செலவு குறைந்ததாக அமையலாம்.

அதிர்வலையைத்தான் தேர்ந்தால், நாளுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் போகுமளவு நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும். கடலுக்குப் போகும்போது கான் நிறையக் கொண்டுபோக வேண்டும். இருதய நோய்க்காகவோ சிறுநீரகச் செயலிழப்புக்காகவோ தண்ணீரை அளந்து குடிப்பவர் மட்டும் வைத்தியரைக் கேட்டே அளவைக் கூட்டலாம்.