டாஸுக்குள் குடியேறிய ஜிசிசி

1989 வாக்கில் ஒரு யூனிக்ஸ் பயனர் கூட்டத்தில், ஜிசிசி கம்பைலரை எம்எஸ்-டாஸுக்குக் கொண்டுபோக முடியாது என்றார் அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன். அது மிகப் பெரியது, டாஸோ 16 பிட். அது முடியுமா என்று கேட்டிருந்த டிஜே டெலோரி அதைச் சவாலாக ஏற்றார். அப்படிப் பிறந்ததுதான் டிஜேஜிபிபி.

ஸ்டால்மன் சொன்னதில் நியாயம் உண்டு. டாஸ் நிரலுக்குக் கிடைத்தது 640 கிலோபைட். அதையும் 64 கிலோபைட் துண்டுகளாகத்தான் கையாள வேண்டும். 32 பிட் முழு எண்ணை நம்பி எழுதிய சி நிரல் அங்கே மூச்சுத் திணறும். நிரலை வெட்டிச் சுருக்குவது வழக்கமான வழி. டெலோரி இடத்தை விரித்தார். 386 சிப்பின் 32 பிட் பாதுகாப்பு முறையில் நிரல் ஓடும். கோப்பைப் படிக்க டாஸ் தேவைப்பட்டால், கண நேரம் பழைய முறைக்கு இறங்கி, முதல் மெகாபைட்டுக்குள் தரவை வாங்கி, மறுபடி மேலேறும். நினைவகம் போதாவிட்டால் ஹார்டு டிஸ்கில் இடம் பிடிக்கும். இந்த ஏற்ற இறக்கம் எதுவும் நிரலுக்குத் தெரியாது. பிறர் எழுதியதைச் சிதைக்காமல் குடியேற்றும் அந்த மரியாதைதான் நிரலை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோகும் கலையில் எனக்கு மிகப் பிடித்தது.

1996-இல் வெளிவந்த குவேக் விளையாட்டின் டாஸ் பதிப்பு டிஜேஜிபிபியில்தான் உருவானது.